நற்பெயர் என்னும் மூலதனம்: சிறுதொழிலாளரும் உள்ளூர் இணையத் தளங்களும்

ஒரு நிறுவனத்தை மற்றொரு நிறுவனம் விலைக்கு வாங்கும்போது, நிலம், கட்டடம், இயந்திரம், கையிருப்புச் சரக்கு ஆகியவற்றின் மொத்த மதிப்பைக் காட்டிலும் கூடுதலான தொகை கொடுக்கப்படுவதுண்டு. கணக்கியலில் இக்கூடுதல் தொகை ‘நன்மதிப்பு’ என்னும் தனித் தலைப்பில் ஐந்தொகையில் இடம் பெறுகிறது. முப்பது ஆண்டுகள் ஒரே நகரில் தச்சு வேலை செய்த ஒருவருக்கும் நன்மதிப்பு உண்டு. ஆனால் அது எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. அவர் வேறு நகருக்குச் சென்றால் அது பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. வங்கி அதனைப் பிணையாக ஏற்பதில்லை. நம் நாட்டுத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைவிற் கொண்டால், எத்துணைப் பெரிய மூலதனம் கணக்கில் வராமற் கிடக்கிறது என்பது விளங்கும்.

கடந்த கால் நூற்றாண்டில் இம்மூலதனத்திற்கு ஒரு புதிய ஏடு உருவாகியிருக்கிறது. தொழிலாளியின் பெயர், தொலைபேசி எண், செய்த வேலையின் படம், வேலை செய்வித்தவரின் கருத்துரை, நட்சத்திரங்களாகக் குறிக்கப்படும் மதிப்பெண் ஆகியவற்றைத் தாங்கிய உள்ளூர் இணையத் தளங்களே அந்த ஏடு. இதனால் சிறுதொழிலாளிக்கு உண்மையில் நன்மை விளைகிறதா, விளைவதாயின் எந்நிபந்தனைகளின்பேரில் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய சான்றுகள்

கிராமத்தில் நற்பெயருக்கு ஏடு தேவைப்படவில்லை. கொல்லர் செய்த கலப்பைக் கொழு எத்தனை பருவம் தாங்கியது என்பது ஊரறிந்த செய்தி. நகரங்கள் பெருகி, முன்பின் அறியாதவர்களிடம் வேலை தேட வேண்டிய நிலை வந்தபோதே எழுத்துச் சான்று தேவையாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வீட்டுப் பணியாளர்கள் முன்னாள் எசமானர்கள் எழுதிக் கொடுத்த ‘சிட்டு’களைக் கட்டிப் பாதுகாத்து, புதிய எசமானரிடம் காட்டி வேலை பெற்றனர். அச்சொல் நம் அலுவலகங்களில் இன்றும் வழங்குகிறது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், தில்லி அரசுக் குடியிருப்பு ஒன்றில், வயது முதிர்ந்த மின்பணியாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். அவருடைய பையில் பழுப்பேறிய உறை ஒன்று இருக்கும். ஓய்வு பெற்றுச் சென்ற அலுவலர்கள் எழுதிக் கொடுத்த பத்துப் பன்னிரண்டு கடிதங்கள் அதனுள் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் அவர் குடியிருந்த பகுதியில் நீர் புகுந்து அவை யாவும் அழிந்தன. இதனை என்னிடம் கூறியபோது அவர் இழந்தது காகிதம் அன்று என்பது எனக்கு உடனே புலப்படவில்லை. குடியிருப்பில் இருந்த அலுவலர்களும் மாற்றலாகிக் கொண்டே இருந்தமையால் அவரை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வந்தனர். நாற்பதாண்டு அனுபவத்திற்குப் பின் அவர் புதியவர்களிடம் புதியவராகவே கூலி பேச வேண்டியதாயிற்று.

பொருளியல் நோக்கில்

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தைக்கு என்ன நேரும் என்பதை 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய மோட்டார் கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. ஆதலின் அவர் சராசரி விலைக்கு மேல் தர மாட்டார். அவ்விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் விலகுவார். சந்தையின் சராசரித் தரம் மேலும் தாழும். இவ்வாய்வுக்காக அவருக்கும், தொடர்புடைய ஆய்வுகளுக்காக மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் 2001இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மோட்டார் காருக்குக் கூறியது குழாய்ப் பணியாளருக்கும் பொருந்தும். சுவருக்குள் பதித்த குழாய் கசியுமா என்பது அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும். வீட்டுக்காரர் எல்லாரையும் ஐயுற்று எல்லாருக்கும் குறைந்த கூலியே கொடுக்கிறார். திருந்தச் செய்பவர் அதனால் இழப்படைகிறார்.

இவ்விடரிலிருந்து மீளும் வழிகளுள் ஒன்று நற்பெயர். அதற்கும் விலை உண்டு என்பதை 1983இல் கார்ல் ஷபீரோ எடுத்துக்காட்டினார். தரமான பொருளை விற்பவர் தொடக்கத்தில், அத்தரம் மற்றவர்களுக்குத் தெரியும் வரையில், குறைந்த விலைக்கே விற்க நேர்கிறது. பின்னர்ப் பெறும் கூடுதல் விலை அந்த முதலீட்டின் மீது கிடைக்கும் வருவாய் ஆகும். தொடக்க இழப்பைத் தாங்கக் கூடியவரே நற்பெயரை ஈட்ட முடியும் என்பது இதன் உட்பொருள். ஏழைத் தொழிலாளிக்கு இது எளிதன்று.

மதிப்பெண்களின் பயனை அளந்த ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்காவின் ஈபே ஏலத் தளத்தில் ஒரே வகையான பழைய அஞ்சலட்டைகளை, நற்பெயர் ஈட்டிய விற்பனையாளர் பெயரிலும் புதிய பெயர்களிலும் விற்றுப் பார்த்ததில், முன்னவருக்கு வாங்குவோர் தர முன்வந்த விலை ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இவ்வாய்வு 2006இல் வெளியாயிற்று. சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த மைக்கேல் லூகா, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் உயர்ந்தால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்ந்ததெனக் கண்டார். இவ்வுயர்வு தனி உணவகங்களுக்கே கிட்டியது. பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களுக்குக் கிட்டவில்லை என்பதை மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனத்திற்கு விளம்பரம் முன்னரே பெயர் தேடித் தந்துவிட்டது. பெயரில்லாதவருக்கே மதிப்பெண் உதவுகிறது.

இந்தியாவில் தொடக்கம்

உள்ளூர்த் தொழிலாளரின் பெயர்ப் பட்டியல் நம் நாட்டில் இணையத்தில் தொடங்கவில்லை, தொலைபேசியில் தொடங்கியது. 1996இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஜஸ்ட் டயல், ஒரே எண்ணில் கேட்பவருக்கு அருகிலுள்ள கடை, மருத்துவர், பழுது பார்ப்பவர் ஆகியோரின் எண்களைச் சொல்லிற்று. பின்னர் அது வலைத்தளமாகவும் செயலியாகவும் வளர்ந்தது. தொழிலாளியைப் பற்றிய முதல் இணையப் பதிவு பெரும்பாலும் அவருடைய கைப்பேசி எண்ணாகவே இருந்தது.

2007இல் பெங்களூரில் ஷான் பிளாக்ஸ்வெட் தொடங்கிய பாபாஜாப் தளம் இத்துறையில் கவனத்திற்குரிய முயற்சியாகும். ஓட்டுநர், சமையற்காரர், வீட்டுப் பணிப்பெண், காவலாளி போன்றோரை வேலை கொடுப்போருடன் அது இணைக்க முயன்றது. இத்தகையோர் உறவினர், நண்பர் வாயிலாகவே வேலை பெறுகின்றனர்; அவ்வட்டம் சிறிதாதலின் கூலியும் சிறிதாகிறது என்பதே அதன் அடிப்படைக் கருத்து. எழுதப் படிக்கத் தெரியாதவரும் குரல்வழியிற் பதிவு செய்ய அதில் ஏற்பாடு இருந்தது. 2017இல் அதனைக் குவிக்கர் நிறுவனம் வாங்கியது.

பெயர் பதியும் முறை

கூகுள் வரைபடத்தில் ஒரு பட்டறையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. ‘அருகிலுள்ள பிளம்பர்’ என்று ஒருவர் தேடும்போது எவர் பெயர் முதலில் வரும் என்பதைத் தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தொலைவு, எந்த அளவு அறியப்பட்டவர் என்னும் மூன்றும் முடிவு செய்வதாக அந்நிறுவனமே அறிவித்துள்ளது. தொலைவைத் தொழிலாளியால் மாற்ற இயலாது. மற்ற இரண்டும் அவர் கையில் ஓரளவு உள்ளன.

பொருத்தம் என்பது விவரத்தில் உள்ளது. ‘எல்லா மின்வேலைகளும் செய்யப்படும்’ என்று எழுதியவரைக் காட்டிலும், ‘நீர்மூழ்கிப் பம்பு மோட்டார் சுற்றுதல், இன்வெர்ட்டர் பொருத்துதல்’ என்று எழுதியவரே அவ்வேலை தேவைப்படுவோர் கண்ணில் படுவார். ஒரு தளத்தில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறொரு பெயர், மூன்றாவதில் பழைய எண் என்றிருப்பின், ஈட்டிய பெயர் மூன்றாகச் சிதறிவிடும். மாதத்திற்கொரு புதிய முன்பணச் சிம் வாங்கும் பழக்கம் நம் தொழிலாளரிடையே நெடுங்காலம் இருந்தது. எண் மாறும்போதெல்லாம் பழைய வாடிக்கையாளர் கைவிட்டுப் போயினர்.

கருத்துரை கேட்பதற்கு உரிய நேரம் வேலை முடிந்த அன்றே. மனநிறைவு கொண்டவர் பெரும்பாலும் மௌனமாக இருப்பார். குறை கண்டவரே தாமாக எழுதுவார். கேளாதிருப்பவரின் பக்கத்தில் குறைகளே மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். குறை கூறியவருக்குச் சினமின்றி, நடந்ததைச் சுருக்கமாக விளக்கி, சரி செய்து தருவதாக எழுதும் மறுமொழி அவ்வொருவருக்காக மட்டும் எழுதப்படுவதன்று. அடுத்து வேலை கொடுக்கப் போகும் நூறு பேர் அதனைப் படிப்பர்.

பெண்களின் நிலை வேறு. தையற்கலைஞர், அழகுக்கலைஞர், வீட்டிலிருந்தே உணவு சமைத்துத் தருவோர் ஆகியோர் தம் எண்ணைப் பொதுவெளியில் இட்டால், வேண்டாத அழைப்புகளும் தொல்லைகளும் வருகின்றன. எண்ணை மறைத்து அழைப்பை இணைக்கும் தளங்கள் இதற்கு ஒரு தீர்வு. ஆயின் அவ்வாறு செய்யும்போது வாடிக்கையாளருடன் அவர்களுக்குள்ள நேரடித் தொடர்பும் தளத்தின் கைக்குள் போய்விடுகிறது. மகளிர் சுயஉதவிக் குழு, குழுவுக்கென ஒரு பொது எண் வைத்துக்கொள்வது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி எனலாம்.

முதற்படியின் உயரம்

புதிதாக வருபவரின் இடர் எத்தகையது என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒருவருக்கு 200 வாடிக்கையாளர் ஐந்தைந்து மதிப்பெண் இட்டுள்ளனர் என்க. அடுத்தவர் ஒரு மதிப்பெண் மட்டும் இட்டால் சராசரி 1001ஐ 201ஆல் வகுக்க 4.98 ஆகும், இழப்பு ஏதுமில்லை. புதியவர் ஒருவருக்கு மூவர் ஐந்தைந்தும் நான்காமவர் ஒன்றும் இட்டால் சராசரி 4 ஆகிவிடும். முதல் வாடிக்கையாளரே ஒன்று இட்டுவிட்டால் அவருக்கு அடுத்த வேலை வருவதே அரிது.

புள்ளியியலில் இதற்கு மாற்று உண்டு. நகரச் சராசரி 4.5 எனில், ஒவ்வொருவருக்கும் அச்சராசரியில் பத்துக் கற்பனை மதிப்பெண்கள் இருப்பதாகக் கொண்டு கணக்கைத் தொடங்கலாம். அவ்வாறாயின் மேற்கூறிய புதியவரின் மதிப்பெண் 61ஐ 14ஆல் வகுக்க 4.36 ஆகும். 100 பேரிடம் சராசரி 4.8 பெற்ற அனுபவசாலிக்கு 525ஐ 110ஆல் வகுக்க 4.77 கிட்டும். அனுபவத்தின் மேன்மை குன்றவில்லை, புதியவரும் வீழ்த்தப்படவில்லை. அரசுத் துறைகள் தமக்கெனத் தளம் அமைக்கும்போது வெறும் சராசரியைக் காட்டாமல் இம்முறையைப் பின்பற்றலாம். இதற்கு அரைநாள் நிரல் எழுதும் உழைப்புக்கு மேல் செலவில்லை.

முதல் வேலையைக் கொடுப்பதே ஒரு சமூகப் பயன் என்பதை அமாண்டா பலாய்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இணையவழி வேலைத் தளம் ஒன்றில் அவர் 952 தொழிலாளரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து சிறு தட்டச்சு வேலை கொடுத்து, வேலையைப் பற்றிய கருத்துரையும் பொதுவில் எழுதினார். அவ்வாறு ஒரு வேலை பெற்றவர்கள் பிறரைவிட மிகுதியான வேலைகளைப் பின்னர்ப் பெற்றனர். அனுபவமற்றவர்களுள், ‘நன்று’ என்னும் பொதுவான குறிப்பைக் காட்டிலும் விரிவான நற்கருத்துரை பெற்றவர்கள் கூடுதல் பயனடைந்தனர். முதலாளிகள் இத்தகைய முதல் வேலையைப் போதிய அளவு கொடுப்பதில்லை. ஏனெனில் சோதித்துப் பார்க்கும் செலவு அவர்களுடையது, வெளிப்படும் தகவலின் பயன் பிறருடையது.

நம் சமூகத்தில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுடைய விண்ணப்பங்கள் வேறுவேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருடையோருடன் ஒப்பிட, தலித் பெயருடையோர்க்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருடையோர்க்கு 0.33 மட்டுமே. ஒருவரைப் பற்றி வேறொன்றும் தெரியாதபோது பெயரே சான்றாகிவிடுகிறது. அமெரிக்காவில் ஏர்பிஎன்பி விடுதித் தளத்தில் நடந்த ஆய்வொன்றில், கறுப்பினத்தவரெனத் தோன்றும் பெயர்களுக்கு எதிரான பாகுபாடு, ஒரேயொரு நற்கருத்துரை இருந்தபோது புள்ளியியல் நோக்கில் மறைந்தது. இம்முடிவை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்திவிட இயலாது. வீட்டுக்குள் வருபவரைப் பற்றிய நம் வழக்கங்கள் ஆழமானவை. அதனினும், செய்த வேலையின் சான்று கண்ணெதிரே இருக்கும்போது சாதியைச் சான்றாகக் கொள்வது கடினமாகும் என நான் கருதுகிறேன்.

அரசின் ஏடுகள்

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அட்டையில் கல்வித் தகுதியும் பதிவு மூப்பும் இருந்தன. வேலையின் தரத்தைக் குறிக்கப் பத்தி இல்லை. 2015 சூலையில் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்வாழ்க்கைச் சேவைத் தளம் அப்பணியை இணையத்திற்குக் கொணர்ந்தது. 2020 சூலை முதல் உத்யம் பதிவு கட்டணமின்றி, சுய உறுதிமொழியின்பேரில் வழங்கப்படுகிறது. 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் தளம் வந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டம் 18 கைத்தொழில்களைச் சேர்ந்தோர்க்குச் சான்றிதழும் அடையாள அட்டையும், முதல் தவணையில் 1 லட்சம், இரண்டாம் தவணையில் 2 லட்சம் ரூபாய்ப் பிணையற்ற கடனும் அளிக்கிறது.

இவை யாவும் ஒருவர் ‘இன்னார்’ என்பதற்குச் சான்று. அவர் ‘எத்தகையவர்’ என்பதற்குச் சான்று தருவது வேறு. அவ்வகையில் அரசின் மின்சந்தையான ஜெம் ஒரு விலக்கு. 2016 ஆகஸ்டில் தொடங்கிய அத்தளத்தில், ஆணையை ஏற்றது, உரிய நாளில் வழங்கியது, சரக்கு திருப்பப்படாதது போன்ற நடத்தைகளைக் கொண்டு விற்பவருக்கு ஐந்துக்குத் தரப்புள்ளி இடப்படுகிறது. எவருடைய விருப்பு வெறுப்பையும் சாராமல், நடந்த நடவடிக்கையிலிருந்தே பெறப்படும் இத்தகைய புள்ளி, நட்சத்திரங்களைவிட நம்பத்தக்கது. 2024-25இல் இத்தளத்தின் வழி நடந்த கொள்முதல் 5 லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது.

போலிக் கருத்துரைகளைக் கட்டுப்படுத்த 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்னும் தர அளவையை வெளியிட்டது. உலகில் பல நாடுகள் எண்ணிக் கொண்டிருந்தபோது நாம் எழுதிவிட்டோம் எனினும், அது கட்டாயமற்றதாகவே வெளிவந்தது. விற்பவர் நுகர்வோராக நடித்துக் கருத்துரை இடுவதை 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடை செய்கின்றன.

பெயர் யாருடையது?

2021 அக்டோபரில் குருகிராமில், வீட்டுச் சேவை அளிக்கும் பெரிய செயலி நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பெண்கள் திரண்டனர். கழிவுத் தொகை உயர்வும், மதிப்பெண் குறைந்தால் கணக்கு முடக்கப்படுவதும் அவர்களுடைய குறைகளுள் முக்கியமானவை. ஒருவருடைய கணக்கு மூடப்பட்டால், பல ஆண்டுகளாக ஈட்டிய மதிப்பெண்களும் கருத்துரைகளும் அதனுடன் மறைகின்றன. தாமாக விலகி வேறு தளத்திற்குச் சென்றாலும் அவற்றை எடுத்துச் செல்ல வழியில்லை. மழைநீரில் அழிந்த அந்த உறைக்கும் இதற்கும் பயனளவில் வேறுபாடு காண்பது அரிது. நிதி ஆயோக்கின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 2020-21இல் இத்தகைய பணிகளில் 77 லட்சம் பேர் இருந்தனர், 2029-30இல் 2.35 கோடிப் பேர் இருக்கக்கூடும்.

நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக் கொள்ளும் வசதி 2011 சனவரியில் நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன், எண்ணை இழக்க அஞ்சியே பலர் மோசமான சேவையைப் பொறுத்துக் கொண்டனர். மதிப்பெண்ணுக்கும் இத்தகைய பெயர்வு உரிமை வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. தொழில்நுட்ப இடர்கள் உள்ளன. ஒரு தளத்தின் 4.7 மற்றொன்றின் 4.7க்குச் சமமன்று. ஆயின் முடித்த வேலைகளின் எண்ணிக்கை, பணியாற்றிய காலம், உரிய நேரத்தில் சென்ற விகிதம் ஆகிய மூன்றையும் கையொப்பமிட்ட மின்சான்றாகத் தொழிலாளியின் டிஜிலாக்கரில் இடுவதற்கு இவ்விடர் குறுக்கே நிற்பதில்லை. 2025இல் கர்நாடகம் இயற்றிய சட்டம், தானியங்கி முறைகள் தம்மை எவ்வாறு மதிப்பிடுகின்றன என்பதை அறியும் உரிமையைத் தளத் தொழிலாளருக்கு அளித்துள்ளது. பெயர்வு உரிமைக்கு இது முதற்படியாகலாம்.

வாங்குபவரின் பெயர்

இதுகாறும் விற்பவரின், உழைப்பவரின் பெயரைப் பற்றியே பேசினோம். பணம் கொடுப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு. எங்கள் துறையைச் சார்ந்த அலுவலகம் ஒன்றுக்கு மேசை நாற்காலி செய்து கொடுத்த சிறு பட்டறையாளர் ஒருவர், தரப்புள்ளி குறையாமல் உரிய நாளில் சரக்கை ஒப்படைத்தார். பட்டியல் தொகை கைக்கு வரப் பதினொரு மாதங்களாயின. அடுத்த முறை ஆணை வந்தபோது அவர் விலையை உயர்த்திக் கேட்டார். கோப்பில் அது ‘நியாயமற்ற விலை’ என்று குறிக்கப்பட்டது. அவ்வலுவலகத்தின் பெயருக்கு அவர் இட்ட மதிப்பெண் அது என்பதைக் கோப்பில் எவரும் எழுதவில்லை.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. தவறினால் கூட்டு வட்டி உண்டு. 2017 அக்டோபர் முதல் சமாதான் தளத்தில் இதுபற்றி இணைய வழியிலேயே முறையிடலாம். உத்யம் எண் கையில் இருந்தால் போதும். மேற்கூறிய பட்டறையாளர் முறையிடவில்லை. காரணம் கேட்டபோது, அடுத்த ஆணை வராமற் போய்விடும் என்றார்.